நலம்விசாரி

காலையில் கூரைவிளக்குகள் மஞ்சளாகிற நேரத்துக்குக் கோயமுத்தூர் முழுவதும் சேர்ந்து ஒருமுறை முனகும்.

ஒவ்வொரு வீட்டுக் கூடத்துச் சுவரிலும் ஒரு நலம்விசாரி இருந்தது. உள்ளங்கை அகலம். முகம் கிடையாது, குரல் மட்டும். அது வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்கும். “என்னத்தச் சொல்ல”, “ஏதோ ஓடுது”, “கை காலெல்லாம் ஒரே உளைச்சல்” என்று பதில்கள் வரும். பத்து மாடிக் குடியிருப்பின் காற்றுக்குழாய் வழியாக அத்தனை குரல்களும் கலந்து ஏழாம் மாடிக்கு ஏறி வரும். அமுதினி காப்பித் தம்ளரோடு குழாய்க்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்பாள். அவளுக்கு அதுதான் சுப்ரபாதம். நலம்விசாரியைச் செய்தவள் அவள்.

அன்றைக்கும் கீழ்வீட்டுப் பழனிவேலின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கொஞ்ச நாளைக்கு முன்புதான் அவருடைய மகனுக்கு நிலவுத்தளத்தில் வேலை கிடைத்து, குடியிருப்பு முழுக்க மைசூர்பாகு கொடுத்திருந்தார். லிஃப்டில் பார்த்தபோது மனிதர் பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். அதிலிருந்து தினமும் காலையில், “முதுகு பிடுங்கி எடுத்துப்போடுதுங்க, என்ன பண்றதுன்னே தெரியல” என்று இழுக்கிறார். பாவம், நல்லது நடக்கிற நேரத்திலா மனிதருக்கு முதுகு வலிக்க வேண்டும் என்று அமுதினி உச்சுக்கொட்டினாள். அவ்வளவு படித்தவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை.

“மோனிஷா, எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா?” என்றது அவள் வீட்டுச் சுவர்.

“எனக்கென்ன கேடு? ஜம்முனு இருக்கேன்” என்றது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்.

அமுதினிக்கு அந்த ஒரு பதில் போதும். அதற்குத்தானே இத்தனை பாடும்.

வெயில் தாங்காமல் நகரத்துக்கு மேலே நிழற்கூரை போட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். கூரை வெப்பத்தைத் தடுத்தது. கூடவே, தோலில் பட்டு டி வைட்டமினை உண்டாக்குகிற கதிரையும் தடுத்துவிட்டது. உலகத்திலேயே வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரர்கள், வெயில் படாமல் எலும்பு வலித்துக் கிடந்தார்கள். எழுந்தால் அசதி, நடந்தால் தொடை வலி, மாடிப்படி என்றாலே மூச்சு. அரசாங்கம் மாத்திரை கொடுத்தது. நிறையப் பேருக்குக் கேட்டது. மோனிஷாவுக்குக் கேட்கவில்லை.

அவளுடைய குடல் அந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளவே இல்லை. அது தெரியாத டாக்டர்கள், “மாத்திரைதான் கொடுத்தாச்சே, இனிமே வலிக்குதுன்னா அது மனசுல இருக்கிற வலிம்மா” என்றார்கள். ஒருவர் யோகா செய்யச் சொன்னார். இன்னொருவர் மருமகளோடு சண்டையா என்று கேட்டார். மருமகளே இல்லாத வீடு. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த அமுதினி, அம்மா ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலிருந்தும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவதைப் பார்த்தாள். வலியைவிட, நம்பாததுதான் அம்மாவைத் தின்றது என்று அப்போதே முடிவுகட்டினாள்.

அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் வெயில்விதை. மேல்கையில் தோலுக்கு அடியில் வைக்கிற உயிரணுக் கொத்து அது. அங்கேயே வேர்விட்டு, வைட்டமினை நேரே ரத்தத்தில் விடும், குடலோடு அதற்கு வேலையே இல்லை. எவ்வளவு விட வேண்டும் என்பதை நலம்விசாரி சொல்லும். நலம்விசாரிக்கு அதைச் சொல்வது மனிதர்களின் வாய். வலிக்குது என்றால் கூட்டும், நல்லா இருக்கேன் என்றால் குறைக்கும். விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்ப்பதெல்லாம் வேண்டாம், சொன்னால் நம்ப வேண்டும் என்றாள் அமுதினி. சட்டசபைக் குழுவின் முன்னால் அம்மாவின் கதையைச் சொல்லி அழுதாள். வலிச்சொல் சட்டம் வந்தது, மாத்திரைக்குப் பதில் நகரத்தில் எல்லாருக்கும் விதை வைத்தார்கள். ஒருவருடைய விதையை அவருடைய குரலைத் தவிர எந்த டாக்டரும், எந்த அதிகாரியும், ஏன் அமுதினியேகூடத் தொட முடியாது. அப்படி ஒரு சாவியைச் செய்யவே கூடாது என்று எழுதிவைத்தவளும் அவள்தான்.

காப்பி ஆறுவதற்குள் ரியாஸ் அழைத்தான். சிறுநீரக டாக்டர், அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

“உன் தங்கச்சிய இங்க கூட்டிட்டு வந்திருக்காங்க. பயப்படாத. ஆனா உடனே வா.”

தங்கை யாழிசை ஏழு மாதக் கர்ப்பிணி. போன மாதம்தான் வளைகாப்பு நடந்தது. அன்றைக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு, கன்னம் பூசினாற்போல மஞ்சளாக, எல்லாரையும் கேலி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தவள். இப்போது கட்டிலில் கிடந்தவளை அமுதினிக்கு அடையாளமே தெரியவில்லை. உதடு வெடித்திருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. “தண்ணி, தண்ணி” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள்.

ரியாஸ் அமுதினியை வெளியே கூட்டிப்போய் ஸ்கேன் படத்தைக் காட்டினான். இரண்டு சிறுநீரகத்திலும் கல்லுப்பைத் தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் பொடிகள்.

“ரத்தத்துல சுண்ணாம்புச்சத்து தாறுமாறா ஏறிக் கெடக்குது. கல்லு சேருது. கொழந்தைக்கும் நல்லதில்ல. இந்த அளவுக்கு ஏத்துறது ஒண்ணே ஒண்ணுதான் அமுதினி. டி வைட்டமின்.”

“இருக்காது” என்றாள். “ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு வெச்சிருக்கேன்.”

“ஒரு நாளைக்கு வெச்சே. அது உடம்புக் கொழுப்புல போய்த் தங்கிக்கும், மாசக்கணக்கா இருக்கும்னு உனக்கே தெரியும். ஒருத்தர் தினமும் உச்சத்துலயே நின்னா?”

“தினமும் யாராச்சும் வலிக்குதுன்னு சொல்லிட்டே இருப்பாங்களா? வலி குறைஞ்சா குறைஞ்சுதுன்னு சொல்லிருவாங்க, அளவும் எறங்கிரும். வெளிநாட்டுப் பனிநகரத்துல மூணு வருஷம் சோதனை பண்ணித்தானே கொண்டுவந்தோம்?”

ரியாஸ் நடைபாதையைக் காட்டினான். இரண்டு பக்கமும் தள்ளுகட்டில்கள். இடமில்லாமல் லிஃப்ட் வாசல் வரை போட்டிருந்தார்கள்.

“எனக்குப் புரியாதது இதுதான். இந்தா, இவங்க ரெண்டு பேரும் புதுசாக் கல்யாணம் ஆனவங்க. அவரு வீடு வாங்கிக் குடிபோனவரு. அந்தம்மாவோட பையன் மருத்துவத்துல மொதல் எடம். நொடிச்சுப் போனவங்க, வேலை இல்லாதவங்க ஒருத்தர்கூட இங்க வரல. நல்லா வாழ்ந்துட்டு இருந்தவங்களாத்தான் விழறாங்க. இப்படி ஆள் பார்த்து வர்ற நோய நான் படிச்சதே இல்ல.”

அமுதினிக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த நேரத்தில்தான் யாழிசையின் மாமியார் சரண்யா, ஒரு கையில் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் துணிப்பையுமாகப் படியேறி வந்தாள். நடைபாதையில் நின்ற நர்ஸ், “எப்படிம்மா இருக்கீங்க?” என்று போகிற போக்கில் கேட்டாள்.

“ஏதோ இருக்கேன் கண்ணு. இந்த முட்டிவலியோட மல்லுக்கட்டிட்டு” என்றாள் சரண்யா.

அமுதினி அந்தப் படிக்கட்டைப் பார்த்தாள், பிளாஸ்க்கைப் பார்த்தாள், சரண்யாவின் முட்டியைப் பார்த்தாள்.

“அத்தை, நாலு மாடியும் ஏறியா வந்தீங்க?”

“ஆமா, லிஃப்ட்டுல ஒரே கூட்டம். நாலு மாடிதான, அதுக்குப் போயி நிக்கோணுமா?”

“முட்டிவலின்னு சொன்னீங்களே?”

“எந்த முட்டிவலி?” என்று கேட்ட பிறகுதான் சரண்யாவுக்கு நினைவு வந்தது. “ஓ, அதா. அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது.”

“வீட்டுல நலம்விசாரி கேக்கறப்ப என்ன சொல்லுவீங்க?”

“இதத்தான் சொல்லுவேன். முட்டிவலி, இடுப்புவலி, எது வாயில வருதோ அது.”

“வலி இல்லாமயே?”

சரண்யா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவ்வளவு பெரிய படிப்புப் படித்த பெண் இதைக்கூடத் தெரியாமல் இருக்கிறாளே என்கிற பார்வை. “ஏங்கண்ணு, எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு எவளாச்சும் வாயத் தொறந்து சொல்லுவாளா? கண்ணு பட்டுறாது? அதும் நடுக்கூடத்துல, போறவன் வர்றவன் காதுல விழற மாதிரி?”

“அது மெஷின் அத்தை!”

“மெஷினா இருந்தா என்ன? ஒறமொறைக்காரங்க மாதிரி பேரச் சொல்லிக் கூப்பிட்டு, சௌக்கியமான்னு கேக்குது. கேக்கறவிதமாக் கேட்டா சொல்றவிதமாச் சொல்லணுமில்ல?” சரண்யா குரலைத் தாழ்த்தினாள். “எங்களுக்கெல்லாம் கூட பரவால்ல. நம்ம யாழிசைக்கு நேரம் கூடி வந்திருக்கு, வயித்துல புள்ள. வளைகாப்பு அன்னிக்கு வந்த கூட்டத்தைப் பாத்தியல்ல, அத்தன கண்ணு. அதனாலதான், காத்தால கேட்டா முடியவே முடியலன்னு சொல்லிப்போடு கண்ணுன்னு நானே சொல்லிக் குடுத்தேன். அவளும் ஒரு நா தவறாம சொல்லிட்டுத்தான் இருந்தா. அப்படியிருந்தும் இப்படிப் படுத்துட்டாளே.”

அமுதினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் செய்த நலம்விசாரி, “உங்கள் வலியின் அளவைச் சொல்லவும்” என்று டாக்டர்போலத்தான் கேட்டது. வேண்டாம், டாக்டர்போல யாரும் கேட்டால் அம்மா பயப்படுவாள், உறவுக்காரர்போல அன்பாகக் கேட்கட்டும் என்று மாற்றியவள் அமுதினி. உறவுக்காரர் கேட்டால் இந்த ஊரில் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே நூறு கல்யாண வீட்டில் “ஏதோ இருக்கேன்” என்று சொன்னவள்தானே? சோதனை செய்தது பனிநகரத்தில். அங்கே கால் உடைந்து கிடப்பவனும் “நன்றாக இருக்கிறேன், நன்றி” என்பான். இயந்திரம் அந்த ஊரில் ஒழுங்காக வேலை செய்தது. இங்கேயும் ஒழுங்காகத்தான் செய்தது. நல்லது நடந்த வீட்டில் முனகல் கூடும், முனகல் கூடியதும் விதை இன்னும் கொஞ்சம் விடும். சந்தோஷமாக இருந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து விஷம் வைத்திருக்கிறது, அவ்வளவு அன்பாக நலம் விசாரித்துவிட்டு.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அளவு மீறிய டி வைட்டமினும் உடம்பை அசத்தும், எலும்பைக் குடையும். பேச்சுக்காகச் சொன்ன வலி கொஞ்ச நாளில் நிஜமாகவே வந்துவிடும். அப்போதும் அதே பதில்தான், அதற்கும் அதே மருந்துதான். எந்த நாளில் பொய் உண்மையானது என்று அவர்களுக்கே தெரியாது.

“நிறுத்து” என்றான் ரியாஸ். “இப்பவே எல்லாருக்கும் நிறுத்து.”

“என்னால முடியாது ரியாஸ். யாராலயும் முடியாது.”

“வெட்டி எடுத்தா?”

“வேர் விட்டாச்சு. தசையோட தசையாப் பின்னிக் கெடக்கும். ஒரே வழிதான் இருக்கு. ‘நான் நல்லா இருக்கேன், போதும்’னு அவங்கவங்களே சொல்லணும். போதும்ங்கற வார்த்தையக் கேட்டா விதை உறங்கிப்போகும். அப்புறம் எழுந்திருக்காது.”

“வேற ஒண்ணு வெச்சுக்கலாமா?”

“ஒருதடவ பழகுன உடம்பு ரெண்டாவது விதைய ஏத்துக்காது. உறங்கினா உறங்கினதுதான்.”

வார்டிலும் ஒரு நலம்விசாரி இருந்தது. அமுதினி தங்கையின் கட்டிலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னாள். யாழிசைக்குப் பாதிதான் ஏறியது.

“அக்கா, நெசமாவே வலிக்குதுக்கா” என்றாள். “அன்னிக்கெல்லாம் ஒண்ணும் இல்லாம சொன்னேன். இன்னிக்கு இடுப்பு ரெண்டாப் பொளக்குது. இப்பப் போய் நல்லா இருக்கேன்னு சொல்லச் சொல்றியே.”

“சொல்லுடா. கொழந்தைக்காகச் சொல்லு.”

“சொன்னா அதுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?” அவள் கை வயிற்றின்மேல் போனது. கண்ணேறுக்கு அவ்வளவு பயம். சரண்யாவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவளே போய் மருமகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “சொல்லு கண்ணு. நான் சுத்திப் போட்டுக்கறேன்” என்றாள்.

“நான் நல்லா இருக்கேன்” என்றாள் யாழிசை, பல்லைக் கடித்துக்கொண்டு. “போதும்.”

“ரொம்ப சந்தோஷம் யாழிசை. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்றது நலம்விசாரி. சரண்யா மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சடசடவென்று நெட்டி முறித்தாள். ரியாஸ் உப்புநீரை ஏற்றினான். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் தப்பித்துவிடுவார்கள் என்றான். அமுதினி நடைபாதைக்கு வந்து, ஒரு தள்ளுகட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அந்தக் கட்டிலில் இருந்த புது மாப்பிள்ளை, தன் வலியை விட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான்.

மதியத்துக்குள் நகர மன்றம் கூடியது. மறுநாள் காலை நலம்விசாரி கேட்கும்போது நகரத்தில் ஒவ்வொருவரும் ‘நான் நல்லா இருக்கேன், போதும்’ என்று சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு முடிவானது. இனி மாத்திரை, ரத்தம் பார்த்து, டாக்டர் எழுதிக்கொடுத்து. அமுதினி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அறிவிப்பில் அவள் பெயரும் வந்தது. அவள் அப்படியே வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குப் போனதே கிடையாது.

கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அம்மா கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துச் சமையலறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் நின்று மூச்சு வாங்கினாள். தரை அந்தத் தடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. இத்தனை நாள் அதை அம்மா நன்றாகத் துடைக்கிறாள் என்று நினைத்திருந்தாள் அமுதினி. சமையலறையில் மேடைமேல் ஒரு பாத்திரம்கூட இல்லை. எல்லாம் கீழ்த்தட்டில் இருந்தன. எழுந்து நிற்க முடியாதவளின் சமையலறை. நாலு வருடமாக அதே வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது கண்ணில் படவில்லை. சுவர்தான் தினமும் அம்மா நலம் என்று சொல்லிவிடுகிறதே.

“அம்மா!”

மோனிஷா திடுக்கிட்டு எழப் பார்த்தாள், முடியவில்லை. திருட்டுத்தனத்தில் பிடிபட்ட பிள்ளைபோலச் சிரித்தாள். “என்னடி, இந்நேரத்துக்கு? சாப்டியா?”

“எத்தன நாளா இப்படி?”

“இன்னிக்குத்தான் கொஞ்சம்…”

“பொய் சொல்லாதம்மா!”

மோனிஷா மூச்சை விட்டாள். “அது எப்பவும் இருக்கறதுதான். போகவே இல்லையே.”

“அப்புறம் ஏம்மா தினமும் ஜம்முனு இருக்கேன்னு சொன்னே? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விதை வேலை செஞ்சிருக்குமே? உனக்காகத்தானே இதச் செஞ்சதே? ஊரே இல்லாத வலியச் சொல்லிட்டுக் கெடந்துது. கண்ணு படும்னு உனக்கு மட்டும் பயமே இல்லையா?”

“எம்மேல யாருடி கண்ணு வைப்பா? கண்ணு வைக்க என்ன இருக்குது?” மோனிஷா மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். “ஆரம்பத்துல ஒருநா சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்ப நீ பக்கத்துல நின்னு எம்மூஞ்சியவே பாத்துட்டு இருந்தே. பரீட்சை முடிவு பாக்கறப்ப நிப்பியே, அந்த மாதிரி. நீ செஞ்ச மெஷின், அது வந்த பின்னாடியும் வலிக்குதுன்னு சொன்னா உனக்கு எப்படி இருக்கும்? டாக்டருங்ககிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு ஒண்ணு பழகிப்போச்சு. வலிக்குதுன்னு சொன்னா எதிர்ல இருக்கறவங்க மொகம் சுருங்கிரும். உம்மொகம் சுருங்கறத என்னால பாக்க முடியாதுடி.”

அம்மாவை நம்புவதற்கு அமுதினி ஒரு இயந்திரத்தைச் செய்துவிட்டாள். அதன் பக்கத்தில் தானே போய் நின்றுகொண்டாள்.

“நாளைக்கு எல்லாரும் போதும்னு சொல்லுவாங்க” என்றாள் கடைசியில். “நீ மட்டும் சொல்லாத. நீ வலிக்குதுன்னு சொல்லு. உன் குடலுக்கு மாத்திரையும் ஏறாது, இந்த விதை ஒண்ணுதான். நாலு மாசத்துல நீ எழுந்து நடப்பே. சத்தியமாச் சொல்லு, சொல்லுவியா?”

“சொல்றேன்” என்று மோனிஷா அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலையில் கூரைவிளக்குகள் மஞ்சளானபோது நகரம் முனகவில்லை. காற்றுக்குழாய் வழியாக, “நான் நல்லா இருக்கேன், போதும்” என்று ஒவ்வொரு குரலாக ஏறி வந்தது. யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை. சாமி அறையில் சொல்லக்கூடாததைச் சொல்லுகிறவர்கள்போலத் தொண்டைக்குள்ளேயே சொன்னார்கள். சொன்ன கையோடு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்ட நெடி மாடி முழுக்கப் பரவியது. அமுதினியின் முறை வந்தபோது, எல்லாம் தெரிந்த அவளுக்கே ஒரு கணம் நாக்கு எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தாள்.

அப்போதுதான் கதவைத் தட்டாமல் பழனிவேலின் மனைவி நிவேதா உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் மாடிக்காரர்கள் நாலைந்து பேர். விடியற்காலையில் பழனிவேலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். தன் பேரையே மறந்துவிட்டாராம்.

“நல்லா இருந்த மனுசன இப்படிப் பண்ணிட்டியே!” என்று அமுதினியைப் பார்த்துக் கத்தினாள் நிவேதா. “உங்கம்மாவுக்கு வலின்னு ஊரையே கொன்னுட்டியேடி! உன் விதையால ஒருத்தராச்சும் நல்லாருந்தாங்களா? ஒருத்தரக் காட்டு பாப்பம்!”

அமுதினி தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளியே வந்த அம்மாவைப்போலவே குனிந்து நின்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மோனிஷா அதைப் பார்த்தாள்.

“மோனிஷா, எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌக்கியமா?” என்று சுவர் அன்பாகக் கேட்டது.

மோனிஷா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். முழுசாக எழுந்தாள். முட்டி நடுங்குவது புடவைக்குள் இருந்ததால் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அமுதினிக்குத் தெரிந்தது.

“என்னக் காட்டச் சொல்லும்மா” என்றாள் மோனிஷா, நிவேதாவைப் பார்த்து. “பாதி ஆயுசு வலியில கெடந்தவ நான். எம்மக வெச்ச விதைதான் இதும். பாரு, எந்திரிச்சு நிக்கறேன்.”

“அம்மா, வேண்டாம்! சத்தியம் பண்ணியிருக்கே!” என்று அமுதினி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தப் போனாள். மோனிஷா மகளின் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

“நான் நல்லா இருக்கேன்” என்றாள். வீடு முழுக்கக் கேட்கும்படி, குரல் பிசிறாமல் சொன்னாள். “போதும்.”

“இல்ல! பொய் சொல்றாங்க! அவங்களுக்கு வலிக்குது!” என்று அமுதினி சுவரில் அறைந்து கத்தினாள்.

நலம்விசாரி அவளுக்குச் செவிசாய்க்கவில்லை. ஒருவருடைய வலியைப் பற்றி இன்னொருவர் சொல்வதைக் கேட்காதே என்றுதான் அவள் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“ரொம்ப சந்தோஷம் மோனிஷா” என்றது அது. அது அவளை முழுசாக நம்பியது.